பழைய பெட்ரோல் கார் போய் வேகன் ஆர் சிஎன்ஜி: ஓட்டிப் பார்த்தபின் தெரிவது

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் சென்னை நெரிசலில் ஏசியோடு லிட்டருக்கு 12 கிமீ கொடுத்தாலே பெரிய விஷயம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது கிலோமீட்டருக்கு எட்டரை ரூபாய் ஆகிறது. அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் (சிஎன்ஜி) ஓடும் வேகன் ஆர் 1.0 அதே சாலையில் கிலோவுக்கு 25 கிமீ வரை கொடுக்கிறது. கிலோ 90 ரூபாயை ஒட்டி வைத்தால் மூன்றரை ரூபாய்தான். ஷோரூமில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒப்பீடு தப்பு.

பழைய காரை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். அதனால் புது பெட்ரோல் வேகன் ஆரையும் புது சிஎன்ஜி வேகன் ஆரையும்தான் ஒப்பிட வேண்டும். பெட்ரோல் மாடல் நகரத்தில் 17 கிமீ கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். ஆக மிச்சம் சுமார் இரண்டேகால் ரூபாய். சிஎன்ஜிக்குக் கூடுதல் விலை ஏறத்தாழ 90,000. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம் என்பதால், வரியெல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு கணக்கில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தப் பணம் திரும்ப சுமார் 45,000 கிமீ ஓட வேண்டும். மாதம் 1,000 கிமீ ஓடுபவருக்கு நான்கு வருடத்துக்குள் வரும். கோயிலுக்கும் காய்கறிக்கும் மட்டும் காரை எடுப்பவர் பெட்ரோல் மாடலோடு நிறுத்திக்கொள்ளலாம், சிலிண்டர் அடைக்காத டிக்கியாவது மிஞ்சும்.

கம்பெனி சொல்லும் 34.05 கிமீ மைலேஜ் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கிலோ கணக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குரிய ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் அதேதான்.

அன்றாடத்தில் மைலேஜை விட முக்கியம் பங்கில் கிடைக்கும் பிரஷர். சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு 60 லிட்டர், நிரப்பும் அழுத்தம் 200 பார். குழாய் வழியே கேஸ் வரும் பங்கில் அழுத்தம் ஒரே சீராக இருக்கும். லாரியில் சிலிண்டர் அடுக்கு கொண்டுவந்து வைத்து நிரப்பும் 'டாட்டர் ஸ்டேஷன்' என்றால், அந்த அடுக்கு காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும். வரிசையில் அரை மணி நேரம் நின்று ஐந்து கிலோவோடு திரும்புவது அங்கேதான். உள்ளே வண்டியை விடும் முன் "அண்ணே, பிரஷர் எவ்வளவு?" என்று கேட்பது பழக்கமாகிவிடும். 200 சொன்னால் நில்லுங்கள். 150 சொன்னால், லாரி எப்போது வரும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேகமாக ஏறும் கேஸ் சிலிண்டருக்குள் சூடாகும். நிரப்பியவுடன் 200 காட்டும் முள், சூடு ஆறியதும் இறங்கிவிடும். மே மாத மதியத்தை விட விடிகாலையில் போட்டால் எடை சற்றுக் கூடுதலாக ஏறும். எட்டு கிலோவைத் தொட்டால் நல்ல நிரப்பல்.

இதனால்தான் ஒரு முறை நிரப்பியதை வைத்து மைலேஜ் சொல்ல முடியாது. பெட்ரோலில் 'டேங்க் டு டேங்க்' பார்ப்பது போல இங்கே பார்த்தால் ஒரு நாள் 21 வரும், மறுநாள் 31 வரும். பத்து ரசீதுகளைச் சேர்த்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்தக் கிலோவால் வகுத்தால் வருவதே உண்மை. நெடுஞ்சாலையில் 80 கிமீ வேகத்தைத் தாண்டாமல் போனால் 30 கிடைக்கும். நூறைத் தொட்டால் அது சட்டென்று சரியும்.

இழுவை குறையும், மறைக்க ஒன்றுமில்லை. இன்ஜின் சக்தி பெட்ரோலில் 67 பிஎஸ் (குதிரைத்திறன்), கேஸில் 57. தட்டையான சாலையில் பெரிதாகத் தெரியாது. ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேரும் ஏசியுமாக ஏறும்போது தெரியும். டேஷ்போர்டு ஸ்விட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டு ஏறுங்கள், இன்ஜினைத் திணறவிட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். எப்படியும் வாரத்துக்கு ஒரு நாள் பத்துக் கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்ட வேண்டும். இப்போதைய இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் தேங்க விடக்கூடாது.

கோளாறு என்று வந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: கேஸில் இரண்டாம், மூன்றாம் கியரில் வண்டி வெட்டி வெட்டிப் போனால் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கும் வெட்டினால் கேஸ் கிட்டில் (கேஸுக்கான கருவித் தொகுப்பில்) கை வைக்கவே வேண்டாம். பெட்ரோலில் சீராக ஓடினாலும் உடனே கிட் மேல் பழி போடாதீர்கள், முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக் மேல்தான். கேஸைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் காட்டிக்கொடுக்கும். அடுத்து ஏர் ஃபில்டர். அதற்கும் அடுத்துதான் கேஸ் ஃபில்டர். பங்க் கம்ப்ரசரிலிருந்து கேஸோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு அதில்தான் தேங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி தானாகப் பெட்ரோலுக்குத் தாவினால், கேஸ் தீரவில்லை என்பது உறுதியானபின், கூலன்ட் அளவைப் பாருங்கள். சிலிண்டர் அழுத்தத்தை இன்ஜினுக்கு ஏற்றபடி குறைப்பது ரெகுலேட்டர். அழுத்தம் குறையும்போது அது கடுமையாகக் குளிரும். இன்ஜின் கூலன்ட்தான் அதைச் சூடாக்குகிறது. கூலன்ட் குறைந்தால் ரெகுலேட்டர் உறைகிறது. கேஸ் போட்டு வந்தபின் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லையா? நிரப்பும் வாயின் மூடி சரியாக அழுந்தவில்லை என்று பொருள். மூடி திறந்திருந்தால் இன்ஜின் கிளம்பக்கூடாது என்று அங்கே ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைக் கழற்றி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி, அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும். அந்தத் தேதியைத் தகட்டில் பார்த்துவிட்டுத்தான் சில பங்குகளில் கேஸ் போடுவார்கள். டெஸ்ட் முடிந்து சிலிண்டரை நன்றாக உலர்த்தினார்களா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே ஈரம் நின்றால் ரெகுலேட்டரில் தொல்லை தரும்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விடும்போது பலர் மறப்பது நோ கிளெய்ம் போனஸ். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாதவருக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. அது காருக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. விற்றதற்கான சான்றைக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கினால் புது காருக்கு மாற்றிக்கொள்ளலாம், மூன்று வருடம் செல்லும். பாஸ்டேக்கையும் அன்றே முடக்கிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டதோடு விடாமல், ஆர்சியில் பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாதவரை சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும்.