வெயிலில் படம் அச்சிட மூன்று வழிகள்: நீலம், மஞ்சள், இலை

1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஒரே கட்டுரையில் இரண்டு அச்சு முறைகள் இருந்தன. ஒன்று, இரும்பு உப்புகளைத் தாளில் பூசி வெயிலில் நீலப் படம் எடுக்கும் சயனோடைப். கட்டட வரைபடத்தை இன்றும் ‘புளூ பிரிண்ட்’ என்கிறோமே, அது இதன் வழிவந்ததுதான். மற்றொன்று, பூச்சாறு பூசிய தாளை வெயிலில் வெளுக்கவிட்டுப் படம் எடுக்கும் ஆந்தோடைப். இங்கே அதைப் பூச்சாற்றுக்குப் பதில் மஞ்சள்தூளில் செய்கிறோம். இவற்றோடு, வியட்நாமில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் பின் டான் செய்துவரும் இலை அச்சையும் சேர்த்தால் மூன்று வழிகள். முதன்முதலாகச் செய்து பார்ப்பவர் எதை எடுப்பது?

மூன்றுக்கும் வெயில் ஒன்றே என்றாலும் அது செய்யும் வேலை வேறு. சயனோடைப்பில் வெளிச்சம் பட்ட இடத்தில் நிறம் பிறக்கிறது. மஞ்சளிலும் இலையிலும் வெளிச்சம் பட்ட இடத்தில் இருக்கும் நிறம் அழிகிறது. அதனால் ஓஹெச்பி ஷீட்டில் (கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாளில்) எடுக்கும் பிரிண்ட் சயனோடைப்புக்கு நெகட்டிவாகவும் (கறுப்பு வெள்ளை தலைகீழாக) மற்ற இரண்டுக்கும் பாசிட்டிவாகவும் (படம் உள்ளபடியே) இருக்க வேண்டும். பலருக்கு முதல் படம் வீணாவது இந்த இடத்தில்தான். படம் நிலைக்குமா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வெயில் அழித்து எழுதிய படத்தை வெயில் மேலும் அழிக்கத்தான் செய்யும்.

சயனோடைப்புக்கு இரண்டு கரைசல்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லியில் பச்சை நிற ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம். இன்னொரு 100 மில்லியில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். தனித்தனி பழுப்பு நிற பாட்டில்களில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சிட்ரேட்டில் பூஞ்சை படர்ந்தால் வடிகட்டிக்கொள்ளலாம். மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவு கலந்து, ஏ4 தாளுக்குச் சுமார் 2 மில்லி வீதம் பிரஷ்ஷால் பூசி, இருட்டில் முழுக்கக் காயவிட வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

கடையில் வாங்கும்போது குப்பியைப் பிரித்து நிறம் பாருங்கள். ஃபெரிசயனைடு மாணிக்கச் சிவப்பில் இருக்கும். மஞ்சள் படிகமாக இருந்தால் அது ஃபெரோசயனைடு. கிண்ணத்தில் கலந்த உடனேயே நீலமாகிவிடும், தாளுக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. ஃபெரிசயனைடைச் சூடாக்கவோ வலுவான அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது, சயனைடு வாயு கிளம்பும். கையுறை போட்டுக்கொண்டு, சமையல் பாத்திரங்களைத் தொடாமல் வேலை செய்யுங்கள்.

காய்ந்த தாளின் மேல் நெகட்டிவையோ ஓர் இலையையோ வைத்து, போட்டோ பிரேம் கண்ணாடியால் அழுத்தி உச்சி வெயிலில் 5 முதல் 15 நிமிடம் வையுங்கள். மூடாத இடம் மஞ்சள்பச்சையிலிருந்து நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் வெண்கல நிறத்துக்குப் போகும். நீலத்திலேயே எடுத்துவிட்டால் கழுவும்போது பாதிப் படம் ஓடிவிடும். சாம்பல் தட்டும்வரை பொறுங்கள். பிறகு மஞ்சள் கறை போகும்வரை தண்ணீரில் அலச வேண்டும். ஆழ்ந்த நீலம் ஒரு நாளில் தானாக ஏறும். பொறுமை இல்லையென்றால் அலசும் தட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விடுங்கள், கண்ணெதிரே கருநீலமாகும்.

நம் ஊரில் இதைக் கெடுப்பது போர்வெல் தண்ணீர். காரத்தன்மையுள்ள தண்ணீர் நீலத்தை வெளிற வைத்துவிடும். முதல் அலசலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்தால் போதும். சுண்ணாம்பு சேர்த்துத் தயாரித்த ‘ஆசிட் ஃப்ரீ’ தாள்களிலும் இதே சிக்கல் வரும். வெள்ளையாக நிற்க வேண்டிய இடமெல்லாம் நீலம் பூத்திருந்தால், பூச்சு காயும்போதே வெளிச்சம் பட்டிருக்கிறது அல்லது கலவை பழசாகிவிட்டது.

மஞ்சளுக்கு இத்தனை கவனம் தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் 50 மில்லியில் இரண்டு டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கலக்கித் துணியில் வடிகட்டி, தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும், அடுப்பறையில் வேண்டாம். பாசிட்டிவை வைத்து நல்ல வெயிலில் 2 முதல் 6 மணி நேரம் விட்டால் திறந்திருக்கும் இடம் வெளுக்கும். அப்போது படம் சோகையாகத்தான் தெரியும். 100 மில்லி வெந்நீரில் ஒரு டீஸ்பூன் வெங்காரத்தை (போராக்ஸ்) கரைத்து ஆறவிட்டு, மேலே தெளியுங்கள். மஞ்சள் தங்கியிருக்கும் இடம் மட்டும் செம்பழுப்பாகச் சிவந்து படம் எழுந்து வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. வெங்காரத்தை மட்டும் பெரியவர்கள் கையாளட்டும்.

விரலி மஞ்சளை அரைத்த தூளாக இருக்கட்டும். கஸ்தூரி மஞ்சளில் நிறம் தரும் குர்குமின் குறைவு, நிறம் எழாது. சாயம் கலந்த தூள் வெங்காரத்துக்குச் சிவக்காது. பீட்ரூட், கீரைச் சாறுகளிலும் இதைச் செய்யலாம். ஆனால் நாட்கணக்கில் வெயில் வேண்டும், கிடைக்கும் நிறமும் மங்கல்தான்.

இலை அச்சு பார்க்க மிக அழகு, செய்ய மிகக் கடினம். பின் டான் வியட்நாம் போரில் சிக்கியவர்களின் முகங்களை இலைகளில் பதித்திருக்கிறார். நரம்புகளுக்கு நடுவிலிருந்து முகம் பார்க்கும். இலையின் மேல் பாசிட்டிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் விட்டால், வெளிச்சம் பட்ட இடத்தில் பச்சையம் சிதையும். ஒரு நாளும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். எந்த இலை ஒத்துவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அகலமான மெல்லிய இலைகள் சிலவற்றைப் பறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம் வைத்து ஒரு நாள் வெயில் காட்டுங்கள். வட்டம் பளிச்சென்று தெரிகிற இலையை எடுத்துக்கொள்ளலாம். ஈரம் கண்ணாடிக்குள் தேங்கினால் பூஞ்சை வரும், காம்பு காய்ந்தால் இலை சுருங்கும். காம்பைத் தண்ணீர்ப் பையில் விட்டு வைப்பதும் பல இலைகளை ஒரே சமயத்தில் தொடங்குவதும் இதற்காகத்தான்.

முதல் வாரம் மஞ்சள், அடுத்து சயனோடைப், இரண்டும் கைவந்த பிறகு இலை. சுவரில் மாட்டுவதற்கு என்றால் சயனோடைப் மட்டும். மஞ்சள் படத்தை நிலைநிறுத்த வழியில்லை, ஆல்பத்துக்குள் இருட்டில்தான் வைக்க வேண்டும். இங்கிலாந்துத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளைத் தாளில் நேரடியாகக் கிடத்தி எடுத்த சயனோடைப்கள் இன்றும் நூலகங்களில் நீலமாகவே இருக்கின்றன. நீலமும் வெளிச்சத்தில் மெல்ல வெளிறும். ஆனால் அப்படி வெளிறிய படத்தைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் இருட்டில் சில நாள் விட்டால், போன நீலம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.