கடலூரில் ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவை: பயிற்சிக்கான பணத்தை யார் தருவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இயங்கும் சிறிய அறக்கட்டளை ஒன்று, மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களை அனுப்பிவைக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள என் தம்பிக்காக இந்தச் சேவையைக் கடந்த ஆண்டு முதல் பெற்றுவருகிறோம். வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் இங்கும் புதுச்சேரியிலும் உண்டு. ஆனால் இவர்கள் ஒருவரை வேலைக்கு அனுப்பும் முன் மூன்று மாதம் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் அவருக்கு மாத உதவித்தொகையும் தருகிறார்கள். இச்சேவையின் தரம் முழுவதும் அந்த உதவித்தொகையை நம்பியே இருக்கிறது என்பதுதான் என் மதிப்பீடு. அதன் பலவீனமும் அங்கேதான் உள்ளது.

பயிற்சியினால் என்ன மாறுகிறது என்பதைச் சாப்பாட்டு வேளையில் பார்க்கலாம். தம்பிக்குப் புரையேறுவது எங்கள் வீட்டில் நாள்தோறும் இருந்த கவலை. முன்பு ஒரு ஏஜென்சி வழியாக வந்தவர் அன்பானவர்தான். ஆனாலும் தலையை அண்ணாத்திப் பிடித்துக் கஞ்சியை வாயில் ஊற்றுவார், ஏனெனில் அவருக்கு யாரும் வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. இப்போது வரும் அக்கா அவனை நிமிர்ந்து உட்காரவைத்து, தானும் அவன் முகத்துக்கு நேராக அமர்ந்து, தாடை சற்றே கீழ்நோக்கி இருக்குமாறு பார்த்துக்கொண்டு அரைக் கரண்டி மட்டுமே ஊட்டுகிறார். தொண்டை அசைந்து அவன் விழுங்கியதைக் கண்ட பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரமாவது ஆகாமல் படுக்கவைப்பதில்லை. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போதும் முதலில் பிரேக்கைப் போடுகிறார், கால் வைக்கும் தட்டை மடக்கி ஒதுக்குகிறார், பிறகு "தூக்கட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவன் கண்ணை உயர்த்தி "சரி" என்று காட்டுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் வகுப்பில் கற்பிக்கப்பட்டதே.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் பக்கத்தில் இன்னும் போகாத பழக்கம். இந்தப் பயிற்சியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 2011 தானே புயலைப் பார்த்த ஊர் என்பதால் மின்சாரம் இல்லாத நாட்களுக்கும் தனிப்பாடம் உண்டு. படுக்கைப்புண் வராமலிருக்க வாங்கும் காற்றுமெத்தையின் பம்பு கரண்டில் ஓடுவது. அது நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது தவிர வழியில்லை. இதை அறிந்த ஒருவர் மழைக்காலத்தில் வீட்டில் இருப்பது எங்கள் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி முடியாது.

இனி பணத்துக்கு வருகிறேன். பகல்நேரப் பராமரிப்புக்கு மாதம் 15,000 ரூபாய் செலுத்துகிறோம். அதில் பெரும்பகுதி பராமரிப்பாளரின் சம்பளம், மீதி பேருந்துச் செலவுக்கும் நிர்வாகத்துக்கும் போகிறது. பயிற்சிக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. பயிற்றுநர் ஊதியம், பயிற்சிக்கூட வாடகை, பயிற்சி பெறுவோரின் உதவித்தொகை ஆகிய அனைத்தும் ஆண்டுக்கு ஆண்டு தேடிப் பெறும் நன்கொடையில் நடக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா முன்பு பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துத் தினக்கூலி வாங்கியவர். உதவித்தொகை இல்லாமல் மூன்று மாதம் வகுப்புக்கு வரச் சொன்னால் அவரால் எப்படி வர முடியும்? நன்கொடை தாமதமானால் அடுத்த அணிக்கு வகுப்பு தொடங்குவதில்லை. மகளின் பிரசவத்துக்காக அவர் விடுப்பில் சென்றபோது மாற்று ஆள் கிடைக்காமல் நாங்கள் பல வாரம் தவித்ததற்குக் காரணம் இதுதான். சேவையின் மீது எனக்குள்ள பெரிய குறையும் இதுவே. ஆண் பராமரிப்பாளர்கள் மிகக் குறைவு என்பது இன்னொரு குறை. வளர்ந்த ஆண்பிள்ளையைக் குளிப்பாட்ட அப்பாதான் இன்னமும் வர வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் ஓர் அறக்கட்டளையை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பு குறித்த திறன் பயிற்சியை அரசின் கடமைகளில் ஒன்றாகவே தன் 47ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளை, பராமரிப்பாளர் பயிற்சிக்கென்றே 'சஹயோகி' என்ற திட்டத்தை வகுத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாட்டின் 'உரிமைகள்' திட்டத்துக்கு உலக வங்கி 2022இல் 16 கோடியே 20 லட்சம் டாலர் கடன் ஒப்புதல் அளித்தது; வீட்டுக்கு அருகிலேயே சேவை கிடைக்கச் செய்வது அத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. சட்டமும் திட்டமும் இருக்கும்போது, தினக்கூலியை விட்டுவிட்டு வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவுக்கு நிலையான ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. பயிற்சி முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் சந்தையில் ஏறக்குறைய ஒரே சம்பளம் கிடைப்பதும் சரியில்லை. கற்றவர் இந்த வேலையிலேயே நிலைக்க வேண்டுமானால், கற்றதற்கு ஏற்ற கூலி கிடைக்க வேண்டும்.

அரசு நிதி வரும்வரை செய்யக்கூடிய ஒன்றை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாத ரசீதில் 'பயிற்சி நிதி' என்று தனி வரியிட்டு 500 ரூபாய் சேர்க்கலாம், இயலாத குடும்பங்களுக்கு விலக்கு தரலாம், வசூலான தொகையையும் செலவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களுக்குக் காட்டலாம். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் உள்ள குடும்பங்கள் தயங்காமல் இச்சேவையை நாடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அடுத்த பயிற்சி அணி எப்போது தொடங்கும், விடுப்பு நாட்களில் மாற்று ஆள் யார் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பயிற்சி நிதிக்குப் பங்களிக்க விருப்பம் இருந்தால் அதையும் அப்போதே தெரிவியுங்கள்.