கனோவுக்கான நைலான் மேலுறை: பெரிய ஏரியொன்றைக் கடந்த பின் எழுதும் மதிப்பீடு

கனோ என்ற ஒடுங்கிய, மேலே திறந்த துடுப்புப் படகின் மீது போர்த்திப் பூட்டும் நைலான் மேலுறையை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் தோழரும் 12 நாள் பயணத்துக்காக எங்கள் 5.2 மீட்டர் நீள இருவர் கனோவுக்கு அளவெடுத்து இந்த உறையைத் தைத்து வாங்கினோம். பயணத்தின் நடுவில் ஓர் அகன்ற ஏரி குறுக்கிட்டது. கரையோரமாகச் சுற்றினால் கூடுதலாக இரண்டு நாள் ஆகும். குறுக்கே போனால் ஒதுங்க ஒரு தீவுகூட இல்லாத 9 கிலோமீட்டர். அந்த 9 கிலோமீட்டரை மனத்தில் வைத்தே உறையைச் சொல்லி வைத்தோம்.

உறை மூன்று துண்டுகளாக வருகிறது. முன்துண்டு அணியத்தையும் (படகின் முன்முனை), பின்துண்டு அமரத்தையும் (பின்முனை), நடுத்துண்டு மூட்டைகளையும் மூடுகின்றன. உட்காரும் இடங்கள் இரண்டிலும் வட்டமான திறப்பு இருக்கிறது. அதிலிருந்து எழும் துணிக்குழாய் மார்பு வரை வந்து எலாஸ்டிக்கால் இறுகுகிறது. உறையைப் படகோடு பிணைப்பவை டிச் பட்டன்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, படகைச் சுற்றி 70க்கும் மேற்பட்ட பட்டன்களை நாமே துளையிட்டு ரிவெட் அடிக்க வேண்டும். அதற்கு எங்களுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அளவெடுத்ததும் தையலும் குறை சொல்ல முடியாத அளவுக்குத் துல்லியமாக இருந்தன.

இனி ஏரிக்கு வருகிறேன். காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீரின் மேல் அது ஓடிவரும் தூரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அலையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, புறப்படும் கரையில் மரங்களின் மறைவில் நீர் கண்ணாடிபோல் கிடப்பதைப் பார்த்து மறுபாதி ஏரியையும் அப்படியே எண்ணிவிடக் கூடாது. ஆழம் குறைந்த ஏரிகளில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுகின்றன. கனடாவின் வின்னிபெக் ஏரி 24,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்தாலும் அதன் சராசரி ஆழம் 12 மீட்டர்தான். அதன் அலைகளுக்குக் கனோக்காரர்கள் அஞ்சுவதற்கு இதுவே பெரிய காரணம். வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலடுக்கின் வேகமான காற்று கீழிறங்கிக் கலப்பதால், பெரும்பாலான நாள்களில் முற்பகலுக்குப் பின்னரே காற்று வலுக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மென்மயிர்த் தோல் வணிகத்துக்காக வட அமெரிக்காவின் பேரேரிகளில் துடுப்பு வலித்தவர்கள் விடியும் முன்பே புறப்பட்டதும், காற்று தணியும் வரை கரையிலேயே காத்துக் கிடந்ததும் இதனால்தான்.

நாங்களும் ஒரு நாள் முழுவதும் கரையில் காத்திருந்து, மறுநாள் விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டோம். சுமையேற்றிய கனோவை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் கரை சேரலாம் என்பது எங்கள் கணக்கு. முதல் ஒரு மணி நேரம் உறைக்கு வேலையே இல்லை. பாதிக்கு மேல் கடந்த பிறகு இடப்பக்கப் பின்புறத்திலிருந்து காற்று எழுந்தது. சிறிது நேரத்தில் எங்கு நோக்கினும் அலைகளின் தலையில் வெண்ணுரை உடையத் தொடங்கியது. பியூஃபோர்ட் அளவுகோலின்படி அது 4ஆம் நிலை, அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகக் காற்று. திரும்பிப் போவதற்கும் முன்னே போவதற்கும் தூரத்தில் பெரிய வேறுபாடில்லாத இடத்தில் இது நிகழ்ந்தது.

பின்பக்கவாட்டிலிருந்து வரும் அலை கனோவுக்கு மிகவும் தொல்லை தருவது. அமரத்தைத் தூக்கி ஒருபுறம் தள்ளி, படகைத் தன் போக்கில் குறுக்கே திருப்பப் பார்க்கும். அலை எங்களை முந்திச் செல்லும் ஒவ்வொரு முறையும் அணியம் பள்ளத்தில் அமிழ்ந்து, நீர் முன்துண்டின் மீது ஏறியது. தோழரின் மார்புக்கு ஒரு முழம் தொலைவு வரை அது பளபளவென்று பரவி வந்து, துணியின் நடு மடிப்பில் இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் வழிந்து இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே துடுப்பு வலித்தேன். உறை இல்லாவிட்டால் அந்த நீர் முழுவதும் படகுக்குள் விழுந்திருக்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பது மட்டும் இங்கே கணக்கல்ல. உள்ளே புகுந்த நீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி அந்தச் சாய்வை மேலும் கூட்டும். கரை சேர்ந்து உறையைக் கழற்றியபோது படகின் அடியில் ஒரு பஞ்சால் ஒற்றி எடுக்கும் அளவுக்கே ஈரம் இருந்தது. உறையை வாங்கிய காரணம் அந்த முக்கால் மணி நேரத்திலேயே நிறைவேறிவிட்டது.

எதிர்பாராத இன்னொரு பயனும் உண்டு. மூடாத கனோவின் உட்குழிவு பக்கக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், காற்று இருமடங்கு வேகமானால் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. உறை போட்ட பின் திசையைக் காப்பதற்கு நான் செலவிட்ட உழைப்பு கண்கூடாகக் குறைந்தது.

இப்போது குறைகள். முதலாவது குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. படகு கவிழ்ந்தால் இடுப்புத் திறப்பை ஒரே இழுப்பில் கழற்றுவதற்கு ஒரு நாடா தைத்திருக்கிறார்கள். அது உறையின் அதே கறுப்பு நிறத்தில், இரண்டு விரல் அகலத்தில், மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்படி இருக்கிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, மார்பளவு நீரில் நின்று ஒருவருக்கொருவர் துணையாக வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பார்த்தோம். தலைகீழாக, கண்ணை மூடிக்கொண்டு அந்த நாடாவைத் தேடிய சில நொடிகளை நான் மறக்கவில்லை. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர 1 நிமிடம், கை கால்கள் சொன்னபடி இயங்க ஏறத்தாழ 10 நிமிடம், உடல் சூடு இழந்து நினைவு தப்பும் முன் ஏறத்தாழ 1 மணி நேரம் என்பது மீட்புப் பயிற்சிகளில் கற்பிக்கப்படும் கணக்கு. அந்த முதல் நிமிடத்தில் ஒரு நாடாவைத் தேட வைப்பது வடிவமைத்தவரின் தவறு. சிவப்பு நிறத் தடித்த வார் ஒன்றை வளையமாக்கி, கையுறையோடும் பிடிக்கும்படி நாங்களே தைத்துக்கொண்டோம். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியில் அது மாட்டிக்கொள்ளாதவாறு இடம் பார்த்துத் தைக்க வேண்டும்.

அடுத்தது நடுத்துண்டு. மூட்டைகள் விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருந்தால் துணி தொய்ந்து நீர் குளமாகத் தேங்குகிறது. மூட்டைகளை உயர்த்தி அடுக்கினால் தொய்வு போகும், ஆனால் எடை மேலேறிப் படகு தள்ளாடும். ஆகவே அந்த வழியை யாரும் நாட வேண்டாம். வளையக்கூடிய கழி ஒன்றைக் குறுக்கே வில்லாகச் செருகியதும் நீர் வழிந்தோடியது. அந்தக் கழியை உறையோடு சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

படகைத் தோளில் சுமந்து நிலத்தைக் கடக்க வேண்டிய நாள்களில் உறை ஒரு சுமை. விறைத்த விரல்களால் 70 பட்டன்களைக் கழற்றி மாட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போகிறது. சிறு ஓடைகளில் அதைச் சுருட்டி வைத்துவிட்டோம். உறை போட்ட நிலையில் நீரை முகந்து ஊற்ற வழியில்லை என்பதால் கைப்பம்பு கட்டாயம் வேண்டும். முன்துண்டின் மேலுள்ள வரைபடப் பை மிக நன்று.

உறை படகின் நிலைத்தன்மையை அணுவளவும் கூட்டுவதில்லை என்பதை வாங்குபவர் தெளிவாக உணர வேண்டும். கவிழும் படகு உறையோடும் கவிழும். வெண்ணுரை தெரியும் ஏரியைப் பார்த்து, 'உறைதான் இருக்கிறதே' என்று ஒருவர் புறப்பட்டால், அவருக்கு அது இல்லாமலிருப்பதே நல்லது. குறுக்கே போவதா, காத்திருப்பதா, சுற்றிப் போவதா என்ற முடிவை உறை இல்லாததுபோல எடுத்துவிட்டு, அதன் பிறகு பட்டன்களை மாட்டுங்கள். நாங்கள் காத்திருந்த அந்த நாள், உறை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பெரிய ஏரிகளோ ஆறு சீறிப் பாயும் நீண்ட விரைவோட்டங்களோ உள்ள பயணம் என்றால் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரு நாள், இரண்டு நாள் கரையோரப் பயணங்களுக்குத் தேவையில்லை. நாடாவின் குறையைத் தயாரிப்பாளருக்குப் படத்துடன் எழுதி அனுப்பியிருக்கிறேன். இதே வகை உறையை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அடுத்த முறை நீரில் இறங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் அந்த நாடாவைப் பிடிக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.