கைப்பேசியில் தமிழ்ச் செய்தி: மூன்று ஆண்டு அனுபவம்

2022 ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வாரத்திலிருந்து, சிங்கப்பூர் நாட்டு நடப்பை முதலில் தமிழில் படிப்பது என்ற வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறேன். உட்லண்ட்ஸிலிருந்து வகுப்புக்குச் செல்லும் நீண்ட ரயில் பயணம் அதற்கு நேரம் கொடுத்தது. இந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு செய்திச் செயலிகள், ஒரு குறுங்காணொளிச் செயலி, தேசிய நூலக வாரியத்தின் மின்னிதழ்ச் சேவை, அதே வாரியத்தின் பழைய நாளிதழ்க் காப்பகமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறேன். இறுதியாண்டில் நிற்கும் இவ்வேளையில், அவற்றில் எது என்னிடம் தங்கியது, எதை விட்டேன் என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

தொடக்கத்தில் செய்தி அறிவிப்புகள் அனைத்தையும் திறந்து வைத்திருந்தேன். ஒரே செய்தி இரண்டு செயலிகளிலும் வந்து, சற்று நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்து சேரும். தலைப்பை நான்கு முறை பார்த்துவிட்டதால் செய்தியையே படித்துவிட்டதாக ஒரு நினைப்பு உண்டாகிவிடும். 2024 ஜனவரி 1ஆம் தேதி பொருள், சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடானபோது அந்தத் தலைப்பை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்த உயர்வை ஈடுகட்ட நம் வீட்டுக்கு என்ன உதவி கிடைக்கும் என்று அப்பா கேட்டபோது, என்னால் ஒன்றையும் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை. அன்றிரவே அறிவிப்புகளை நிறுத்தினேன். அதன் பிறகு, நூலகக் கணக்கின் வழியாகக் கட்டணமின்றிப் பிரஸ்ரீடர் என்ற மின்னிதழ்ச் சேவையில் கிடைக்கும் நாளிதழ்களும், பக்கம் பக்கமாகப் புரட்டக்கூடிய மின்னிதழ்களும் என் அன்றாட வாசிப்பாயின. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிந்துவிடும் ஒன்றைப் படித்தால், அன்றைய நாளுக்குப் போதும் என்று மனம் ஒப்புகிறது. முடிவில்லாமல் கீழே ஓடிக்கொண்டிருக்கும் திரை அந்த நிறைவை எனக்கு ஒருநாளும் தந்ததில்லை.

செயலிகளில் என்னை மிகவும் சோதித்தது தேடல் பெட்டிதான். நான் பயன்படுத்திய செயலிகளுள் ஒன்றில் ‘வீடு’ என்று தேடினால், ‘வீட்டை’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டில்’ என்று வரும் செய்திகள் எவையும் கிடைக்கா. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் அடியே மாறிவிடுவது தமிழின் இயல்பு. ‘மரம்’ என்பது ‘மரத்தில்’ ஆகும்போது ஈற்றில் நின்ற மகர மெய்யே இருப்பதில்லை. சொல்லின் வேரை அறியாமல் எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் தேடுபொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஒருமுறை ‘வீடு’ என்றும் மறுமுறை ‘வீட்’ என்று பாதியில் நிறுத்தியும் தேடுவது இப்போது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்க நினைத்துத் தகவல் தேடும் ஓர் இளந்தம்பதி இப்படியெல்லாம் தேட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு முதலில் வேண்டியது அழகான முகப்பு அன்று, நல்ல தேடல்.

2025 மே 3ஆம் தேதி நடைபெற்ற பொதுத் தேர்தல் என் வழக்கத்துக்கு உண்மையான சோதனையாக அமைந்தது. பிரசார நாள்களில் குறுங்காணொளிச் செயலியில் ஒரு வேட்பாளரின் பேச்சிலிருந்து வெட்டியெடுத்த 40 விநாடித் துண்டு நண்பர்களிடையே சுற்றியது. முழுப் பேச்சையும் தேடிக் கேட்டபோதுதான், அவர் எதிர்த்தரப்பு வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டு அதை மறுத்திருக்கிறார் என்பதும், மறுப்பு மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்தன. வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலிக் காணொளிகளைத் தேர்தல் காலத்தில் தடைசெய்யும் சட்டம் 2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அந்தத் துண்டில் இருந்ததோ அவருடைய சொந்தக் குரல், அவர் உண்மையாகவே சொன்ன சொற்கள். அன்றோடு அந்தச் செயலியை நீக்கிவிட்டேன். இதுவரை அதன் குறையை உணரவில்லை.

வாக்களிப்பு முடிந்த இரவில், மாதிரி வாக்கு எண்ணிக்கை என்றால் என்ன என்று அப்பத்தா கேட்டார். ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணுவார்கள் என்பதையும், இறுதி முடிவு அதிலிருந்து கூடியோ குறைந்தோ 4 விழுக்காட்டுப் புள்ளிவரை மாறலாம் என்பதையும் தமிழில் படித்திருந்ததால், தடுமாறாமல் விளக்க முடிந்தது. குழுத்தொகுதி (பலர் ஓர் அணியாகப் போட்டியிடுவது), தனித்தொகுதி (ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது), தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் (தோற்றவர்களுள் அதிக வாக்கு பெற்ற எதிர்க்கட்சியினருக்குக் கிடைக்கும் இடம்) போன்ற சொற்கள் இங்கே பல ஆண்டுகளாகப் புழங்கித் தேய்ந்து எளிதாகியிருப்பதன் அருமையை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்த சோதனையும் அப்பத்தாவின் கைப்பேசியிலேயே வந்தது. சிங்கப்பூரின் 60ஆம் சுதந்திர ஆண்டை ஒட்டி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள எஸ்ஜி60 பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்ட 2025 ஜூலை மாதத்தில், “இதைத் தட்டினா காசு உடனே வருமாம், பாரும்மா” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியை நீட்டினார். அதில் ‘கூப்பன்’ என்றிருந்தது; அரசாங்க அறிவிப்புகளில் நான் படித்ததெல்லாம் ‘பற்றுச்சீட்டு’. முதல் ஐயம் அந்தச் சொல்லிலிருந்துதான் எழுந்தது. 2024 ஜூன் முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் கவ்.எஸ்ஜி என்ற ஒரே பெயரில் வருகின்றன என்பதையும், ஐயம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைக்கலாம் என்பதையும் அவருக்குச் சொல்லி, அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். தினமும் தமிழில் படித்ததால் வீட்டுக்கு நேராகக் கிடைத்த பலனாக இதைத்தான் சொல்வேன்.

நியூஸ்பேப்பர்எஸ்ஜி காப்பகத்துக்கு ஒரு பாடத்தின் ஒப்படைப்புக்காகத்தான் முதலில் சென்றேன். இன்று மாதத்துக்கு இருமுறையேனும் செல்கிறேன். 1887 முதல் 1890 வரை வெளிவந்த ‘சிங்கை நேசன்’ வார இதழை வீட்டிலிருந்தே புரட்ட முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான். யானைத் துதிக்கைபோல் கொம்பு வளைந்த பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளில் கண் முதல் வாரம் இடறியது, பிறகு பழகிவிட்டது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ 2025இல் 90 ஆண்டுகளை நிறைவு செய்ததை ஒட்டி அதன் பழைய பக்கங்களையும் தேடிப் படித்தேன். விளம்பரம், கடிதம், மரண அறிவித்தல் எல்லாம் செய்தியோடு ஒரே பக்கத்தில் கிடப்பதால், ஓர் ஊர் எப்படி வாழ்ந்தது என்பது தானாகவே தெரிகிறது. இன்றைய செயலிகளின் பக்கங்களை இன்னும் 60 ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் இப்படிப் பார்க்க முடியுமா என்ற கவலை எனக்கு உண்டு.

படிப்பு முடிந்ததும் விளம்பரத் துறைக்குச் செல்வதாகத்தான் முன்பு திட்டமிட்டிருந்தேன். இப்போது மொழிபெயர்ப்புப் பாடங்களைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, தமிழ்ச் செய்தி அறையில் வேலைக்கு விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். சம்பளத்தைப் பற்றி அம்மாவுக்குள்ள தயக்கம் எனக்குப் புரிகிறது, அதைப் பற்றி இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்காக, நாளின் மூன்று செய்திகளை இரண்டு நிமிடக் குரல் பதிவாகத் தரும் முயற்சியை எடுத்துக்கொண்டேன். அப்பத்தாவும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் அவரோடு உட்காரும் மூன்று தோழிகளும் முதல் நேயர்கள். சென்ற வாரப் பதிவில் நான் வேகமாகப் பேசுவதாகவும், எண்களை இருமுறை சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த வாரப் பதிவில் எண்களை இருமுறை சொல்லியிருக்கிறேன்.