உடோ ஜிங்கு: படியிறங்கிக் கும்பிடும் கடற்கரைக் கோயில்

ஜப்பானின் கியூஷு தீவில் மியாசாகி வரை போகிறவர்கள், நிச்சினான் கடற்கரையில் இருக்கும் உடோ ஜிங்கு என்ற ஷிண்டோ (ஜப்பானியரின் பாரம்பரிய மதம்) கோயிலுக்கு அரை நாள் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

பாறையை ஒட்டிப் படியிறங்கினால் கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய குகை. அதற்குள்ளே சிவப்பு வண்ணக் கோயில் முழுசாக நிற்கிறது. 1711-இல் ஓபி பகுதியை ஆண்ட இத்தோ பிரபு எடுத்துக் கட்டியது, பின்னாளில் பழுதுபார்த்திருக்கிறார்கள்.

கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். கடல் தேவனின் மகள் டொயோடாமா-ஹிமே இங்கேதான் பிள்ளை பெற்றாளாம். பார்க்கக் கூடாது என்று சொல்லியும் கணவன் எட்டிப் பார்த்துவிட, நிஜ உருவம் வெளிப்பட்ட வெட்கத்தில் அவள் கடலுக்கே திரும்பிவிட்டாள். போகும் முன், குழந்தை பசியாறத் தன் மார்பைப் பாறையில் விட்டுப்போனாள் என்பது ஐதீகம். அந்தக் குழந்தையின் மகன்தான் ஜப்பானின் முதல் பேரரசர் ஜிம்மு என்பார்கள். பாறையிலிருந்து இன்றும் நீர் சொட்டுகிறது. அந்த நீரில் செய்த மிட்டாயும் விற்கிறார்கள். சுகப்பிரசவமும் தாய்ப்பாலும் வேண்டி வருகிறவர்கள்தான் இந்தக் கோயிலின் உயிர். கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தப் பாறை முன் கண்மூடி நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் 'உண்டமா' என்கிற அதிர்ஷ்ட உருண்டை எறிதல். சில்லறைக் காசுக்கு ஐந்து மண் உருண்டைகள். கீழே கடலோரம் ஆமை வடிவப் பாறை. அதன் முதுகில் கயிறு வளைத்த குழி. ஆண்கள் இடக்கையாலும் பெண்கள் வலக்கையாலும் எறிய வேண்டும், உள்ளே விழுந்தால் வேண்டுதல் பலிக்கும். என்னுடையது ஒன்று விழுந்தது. என் கணவர் எறிந்தவை கடலுக்கே போயின. முன்பு காசுதான் எறிந்தார்களாம். அதை எடுக்கச் சிறுவர்கள் கடலோரப் பாறைகளில் இறங்கியதால், 1954-இலிருந்து உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் செய்த உருண்டைகளுக்கு மாறினார்கள். எவ்வளவு அக்கறையான மாற்றம்!

அந்தக் காலத்தில் புதுமணப்பெண்ணை மணி கட்டிய குதிரையில் ஏற்றி, மாப்பிள்ளையே கடிவாளம் பிடித்து இந்தக் கடலோர மலைப்பாதையில் கூட்டிவருவாராம். இப்போது மியாசாகியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பஸ்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். நிறுத்தத்திலிருந்து நடையும் ஏற்றமும் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் கார்தான் சரி.