159ஆம் இலக்க மாடிப் பேருந்து: பத்தொன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1986ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் சென்று ஸ்ட்ரெதம் பகுதியில் குடியேறிய நாள் முதல், 2005 டிசம்பர் 9ஆம் திகதி அந்த வண்டிகள் ஓய்வு பெறும் வரை, நான் வேலைக்குப் போய்வந்தது 159ஆம் இலக்கப் பாதையில் ஓடிய ரூட்மாஸ்டர் மாடிப் பேருந்துகளில்தான். அவற்றுக்குப் பதிலாக வந்த, வாசலில் படியில்லாத தாழ்தள வண்டிகளிலும் ஊர் திரும்பும் வரை பயணித்தேன். இப்போது கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதத் தூண்டியது, என் பெறாமகன் சென்ற மாதம் கேட்ட ஒரு கேள்வி: "சித்தப்பா, மேல்தட்டில அவ்வளவு சனம் ஏறினா வளைவில பஸ் பிரளாதோ?" பருத்தித்துறைக்கு 750ஆம் இலக்க பஸ்ஸில், நெரிசலில் மிதிபலகையில் நின்று போய்வருகிறவனுக்கு அந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை.

பிரளாது. மேல்தட்டு முழுவதிலும் ஆட்களின் நிறைக்கு ஈடான பாரத்தை ஏற்றி, கீழ்த்தட்டில் பயணிகளின் பாரம் எதுவும் இல்லாமல், வண்டியை 28 பாகை வரை சரித்தாலும் அது கவிழக்கூடாது என்பது பிரித்தானிய விதி. இயந்திரம், கியர்ப்பெட்டி, அச்சுகள், சில்லுகள் என்று பாரமானவை அனைத்தும் நிலத்தை ஒட்டியே இருக்கின்றன. மேலே இருப்பது மெல்லிய தகடும் கண்ணாடியும் ஆசனங்களுமே. மேல்தட்டில் எவரும் நின்றுகொண்டு பயணிக்க அனுமதிக்கப்படாததற்கும் பாரத்தைக் கட்டுக்குள் வைப்பது ஒரு காரணம். மாடிப் பேருந்தின் வரலாற்றை மேலே கட்டிய கதையாகப் பலரும் எண்ணுகிறார்கள். என் பார்வையில் அது கீழே இறக்கிய கதை.

குதிரைகள் இழுத்த காலத்தில் ஆட்கள் வண்டியின் கூரைமேல் ஏறி அமர்ந்ததே இதன் தொடக்கம். 1910இல் இலண்டனில் அறிமுகமாகி, பெருந்தொகையில் ஒரே மாதிரியாக உற்பத்தி செய்யப்பட்ட பி வகை மோட்டார்ப் பேருந்திலும் 16 பேர் உள்ளேயும் 18 பேர் வெயிலிலும் மழையிலும் மேலேயும் இருந்தார்கள். மேலே கூரை போட்டால் வண்டி தலைப்பாரமாகிவிடும் என்று அஞ்சிய இலண்டன் காவல்துறை நெடுங்காலம் அதற்கு அனுமதி தரவில்லை. 1923இல் வண்டியின் அடியில் பாரத்தைத் தாங்கும் சட்டகத்தைத் தாழ்த்தி அமைத்த என்எஸ் வகை வந்த பிறகு, 1925இல்தான் அந்த அனுமதி கிடைத்தது. 1927இல் லேலண்ட் நிறுவனத்துக்காக ஜி. ஜே. ரக்கம் வடிவமைத்த டைட்டன் இன்னும் தாழ்ந்தது. தாழ்ந்த ரயில் பாலங்களுக்கு அடியில் போகவேண்டும் என்பதற்காக, அதன் மேல்தட்டு நடைபாதையை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பள்ளமாக்கினார்கள். உயரம் குறைந்தது உண்மை. ஆனால் மேலே நால்வர் ஒரே வாங்கில் வரிசையாக அமரவேண்டியிருந்தது. உள்ளே இருப்பவர் இறங்க மற்ற மூவரும் எழும்ப வேண்டும். கீழ்த்தட்டிலோ, அந்தப் பள்ளத்தின் அடிப்பாகம் ஒரு பக்கத்து ஆசனங்களுக்கு நேர் மேலே தொங்கியதால், எழும்புகிறவர்களின் தலை அதில் இடித்தது. அருங்காட்சியகம் ஒன்றில் இத்தகைய வண்டிக்குள் நான் ஏறிப் பார்த்தபோது, குனிந்துகொண்டே எழும்ப வேண்டும் என்பது தெரிந்திருந்தும் என் தலை தப்பவில்லை. 1949இல் முதல் மாதிரி வெளியான பிரிஸ்டல் லொடெக்கா, பின் அச்சின் நடுப்பகுதியையே தாழ்த்திக் கீழ்த்தளத்தை இறக்கியது. அதனால் வண்டியின் உயரம் கூடாமலே இரண்டு தட்டுகளிலும் நடுவே நடக்க முடிந்தது. பயணி அச்சைப் பார்ப்பதில்லை; தலை இடிக்காததை மட்டும் உணர்கிறார்.

இலங்கையரான நமக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1958இல் பேருந்துச் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின்னர், இலண்டனில் ஓடிக் கழிந்த ஆர்டி வகை மாடிப் பேருந்துகள் பெருந்தொகையில் வாங்கப்பட்டன. இரு நாடுகளிலும் வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுவதால், ஏறும் வழியை மாற்றி வெட்டவேண்டிய தேவை எழவில்லை. அங்கே நடைபாதைப் பக்கம் திறந்த பின்புற மேடை இங்கேயும் நடைபாதைப் பக்கமே திறந்தது. சிறுவனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்பில் ஏறிய அந்த வண்டியின் படி, கம்பி, திருப்பம் எல்லாம் பழகியிருந்ததால், இலண்டனில் முதன்முறை ரூட்மாஸ்டரில் ஏறியபோது என் கால்களுக்கு வழி தெரிந்திருந்தது.

ரூட்மாஸ்டரின் முதல் மாதிரி 1954இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1958 முதல் 1968 வரை நடந்த தொடர் உற்பத்தியையும் சேர்த்து மொத்தம் 2,876 வண்டிகள் கட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஹலிஃபக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியபோது இலண்டன் போக்குவரத்துச் சபை பெற்ற அலுமினிய அனுபவம் இந்த வண்டியில் பயன்பட்டது. தனிச் சட்டகம் என்ற ஒன்று இதில் இல்லை. அலுமினிய உடலே பாரத்தைத் தாங்குகிறது. முன்னால் இயந்திரத்தையும் சுக்கானையும் தாங்கும் ஓர் உபசட்டகமும் பின்னால் அச்சைத் தாங்கும் இன்னொன்றும் அந்த உடலில் பொருத்தப்பட்டுள்ளன. ஆர்டியில் 56 ஆசனங்கள் இருந்தன. ஏறக்குறைய அதே எடையில் இது 64 ஆசனங்களைக் கொண்டது. முன்சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் அசையும்படி சுருள்வில்களில் நிற்கின்றன. பிரிக்ஸ்டன் பக்கம் வெட்டி ஒட்டப்பட்ட வீதிகளில் இதை நான் நாள்தோறும் உணர்ந்தேன்: ஒரு பக்கச் சில்லு குழியில் இறங்கினாலும் மேல்தட்டு ஒருமுறை மெல்லச் சாய்ந்து நிமிர்ந்துவிடும், குலுக்கி எறியாது. முப்பது வயதைத் தாண்டிய வண்டிகள் இப்படி ஓடியதை நினைக்கும்போது, அவற்றை வரைந்தவர்கள்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அதைவிட என்னைக் கவர்ந்தது பின்புறத்துத் திறந்த மேடை. நெரிசலில் வண்டி நின்றுபோனால், தரிப்பிடம் வரும்வரை காத்திராமல் இறங்கி நடக்கலாம். மாடிப்படியின் கீழே நடத்துநருக்கென்று ஒரு சிறு ஒதுக்கிடம் இருந்தது. ஏறி இறங்குகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அவர் அங்கே நிற்பார். ஒரு மணி அடித்தால் நில், இரண்டு அடித்தால் புறப்படு. நம்மூர் நடத்துநர் தகரத்தில் தட்டி "றைட்" என்று குரல் கொடுப்பது செய்யும் வேலையை, அங்கே கூரையோரம் ஓடிய ஒரு கயிறு செய்தது.

இத்தனை விருப்பத்தோடு இருந்த என் தீர்ப்பை மாற்றியது அம்மாவின் வருகை. 2001இல் ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. வீதியிலிருந்து மேடைக்கு ஒரு படி, மேடையிலிருந்து கீழ்த்தட்டுக்குள் இன்னொரு படி. நடுக்கம்பியைப் பிடித்து முதல் படியில் ஏறியவர், இரண்டாவதற்குக் காலைத் தூக்க முடியாமல் நின்றுவிட்டார். நடத்துநர் கைகொடுத்து ஏற்றினார். "தம்பி, இனி நான் இதில வரேல்லை" என்றார் அம்மா. அதன்பின் வேறு பாதைகளில் ஓடிய தாழ்தள வண்டிகளிலேயே அவரை அழைத்துச் சென்றேன். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ ரூட்மாஸ்டரில் இடமே இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் அதை நேசித்த நான், அது ஓய்வு பெற்றது சரியே என்று சொல்வது இதனால்தான்.

தாழ்தள வண்டிக்கு வழிதிறந்தது 1958இல் உற்பத்திக்கு வந்த லேலண்ட் அட்லாண்டியன். இயந்திரத்தைக் குறுக்காகப் பின்னுக்கு வைத்து, வாசலை முன் அச்சுக்கும் முன்னால் கொண்டுவந்ததால், சாரதியே கட்டணம் வாங்க முடிந்தது. 1966 முதல் பிரித்தானியாவில் நடத்துநர் இல்லாத மாடிப் பேருந்துகள் அனுமதிக்கப்பட்டன. ஒவ்வொருவராகச் சாரதியிடம் பணம் கொடுத்து ஏறும்வரை வண்டி தரிப்பிடத்தில் காத்து நின்றது அதன் விலை. 1990களின் பிற்பகுதியில் முன்பகுதியில் படியே இல்லாத தளமும், தரிப்பிடத்தில் ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கும் காற்றுத் தொங்கலும் (வில்களுக்குப் பதிலாகக் காற்றுப் பைகளில் வண்டி நிற்கும் அமைப்பு) மாடிப் பேருந்துகளுக்கு வந்தன. அதற்கும் ஒரு விலை உண்டு: தளம் இறங்கியதால் சில்லுகளின் கூடுகள் உள்ளே புடைத்து நிற்கின்றன, பின்னாலுள்ள இயந்திரத்தின்மேல் தளம் படியாக உயர்கிறது, கீழ்த்தட்டில் ஆசனங்கள் குறைகின்றன.

இலண்டன் போகும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். காட்சிக்கு மேல்தட்டின் முன்வரிசைக்கு நிகரில்லை; ஆனால் உயரம் கூடக்கூடச் சாய்வின் வீச்சும் கூடுவதால், பயணத்தில் வயிறு பிரட்டுகிறவர்களுக்கு அது ஏற்ற இடமன்று. அவர்களும் வயதானவர்களும் கீழ்த்தட்டில், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட ஆசனங்களில் அமர்வது நல்லது. மேலே இருப்பவர்கள், வண்டி நிற்கும்போது ஒரு தரிப்பிடம் முன்னதாகவே கீழே வந்துவிட வேண்டும். ஓடும் வண்டியில், அதுவும் அது நிற்பதற்காகத் தடுப்புப் பிடிக்கும் வேளையில், மாடிப்படியில் கால் வைக்கக்கூடாது.