எக்ஸிபிஷன், கேட்டலாக்னு சொல்லி பெரிய ஃபைல் கேக்குறவங்கள நம்பாதீங்க: நம்ம பக்கத்து ஓவியர்களுக்கு ஒரு எச்சரிக்கை

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் இருந்து படம் வரைஞ்சு இன்ஸ்டால போடுத எல்லாரும் இத தயவுசெஞ்சு முழுசா படிச்சிருங்க. முக்கியமா மனுச உருவம் வரையுறவங்க, அப்புறம் கோரை, மண்ணு, பழைய சேலைன்னு கையில கெடச்சத வச்சு புதுசா ஏதாவது செஞ்சு பாக்குறவங்க. இந்த ரெண்டு வகை ஆளுங்களத்தான் தேடித்தேடி மெசேஜ் பண்ணுதாங்க. எனக்கு நடந்தது இன்னும் முடியல, வக்கீல் சொல்லிருக்கதால அந்த ஆன்லைன் கேலரி பேர இங்க போடல, ஆனா அவங்க எப்பிடி வாராங்கன்னு தெரிஞ்சாலே நீங்க கண்டுபிடிச்சிருவீங்க.

முதல்ல டிஎம் வரும். சும்மா சூப்பர், நைஸ்னு வராது. கோரைப்பாய் நெசவ வச்சு நான் செய்யுத பாய் சீரிஸ்ல ஆச்சி படம் ஒண்ணு இருக்கு, அதுல அந்தப் பாம்படம் தொங்குற காதோட கனத்த எப்பிடி கொண்டு வந்தீங்கன்னு கேட்டிருந்தாங்க. படத்த நின்னு பாத்தவங்கதான் அப்பிடி கேக்க முடியும்னு யாருக்கும் தோணும். அப்புறம் பெரிய சிட்டில குரூப் ஷோ நடத்துறோம், உங்க படம் அஞ்சு செலக்ட் ஆயிருக்கு, கூடவே கனமான ஒரு கேட்டலாக் புக்கும் போடுறோம், பார்ட்டிசிபேஷன் ஃபீஸ் 6,500 ரூவான்னு வந்துச்சு. வெப்சைட் இருக்கு, பழைய ஷோ போட்டோ இருக்கு, போன்ல பேசுன பொண்ணு தமிழ்லயே தன்மையா பேசுச்சு.

காசு போனதும் அடுத்தது ஃபைல். கேட்டலாக் பிரிண்ட்டுக்கு 300 டிபிஐல, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி கணக்குல, டிஃப் (TIFF) ஃபைல் வேணும், வாட்டர்மார்க் இருக்கப்படாது, ஓரம் வெட்டாம ஃபுல் ஸ்கேன் வேணும், சின்னதா அனுப்புனா ரிஜெக்ட் ஆயிரும்னு ரெண்டு மூணு தடவ ஞாபகப்படுத்துனாங்க.

மக்கா, வெவகாரமே இந்த எடத்துலதான் இருக்கு. நாம இன்ஸ்டால போடுத படம் 1080 பிக்சல் அகலத்துலதான் நிக்கும். அத 300 டிபிஐல அச்சடிச்சா 3.6 இஞ்சு அகலம் வரும், உள்ளங்கை அளவுதான். அத திருடி செவுத்துல மாட்டுற சைஸுக்கு இழுத்தா பொரிஞ்சு போயிரும், எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான். ஆனா ஏ3 சைஸுக்கு 300 டிபிஐ ஸ்கேன்னா 3508க்கு 4961 பிக்சல். அது கையில இருந்தா ரெண்டடிக்கு மூணடி கேன்வாஸ்ல தாராளமா அடிக்கலாம். ஃபீஸ் அவனுக்கு மேல்வரும்படி மாதிரிதான், நெசமான சரக்கு அந்த ஃபைல்தான். 6,500 ரூவா ஒரு தடவ போகும், ஃபைல் போச்சுன்னா நம்ம படம் நமக்குத் தெரியாமலே வருசக்கணக்கா வித்துக்கிட்டே இருக்கும்.

அடுத்து ஒரு அக்ரிமெண்ட் பிடிஎஃப். அத பாளையங்கோட்டைல எங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் அண்ணாச்சிட்ட காமிச்சேன். அதுல ரெண்டு வரிய அவுக பென்சில வச்சு வட்டம் போட்டாவ. ஒண்ணு, படத்தோட எல்லா உரிமையும் உலகம் முழுக்க, காலவரம்பு இல்லாம அவங்களுக்கு, வேற யாருக்கும் கைமாத்தியும் விடலாம்னு. இன்னொண்ணு, இந்தப் படங்க எல்லாம் கேலரி பணம் குடுத்து வரையச் சொன்ன படம்னு. ரெண்டாவது வரி பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா அதுதான் ரொம்ப மோசம்னு அண்ணாச்சி சொன்னாவ. 1957ம் வருச காப்பிரைட் சட்டத்துல 17வது பிரிவுப்படி, ஒருத்தர் காசு குடுத்து கேட்டு நாம வரைஞ்சு குடுக்கிற ஓவியத்துக்கு, வேற மாதிரி எழுதிக்கிடலைன்னா, காசு குடுத்தவர்தான் காப்பிரைட்டுக்கு முதல் சொந்தக்காரர். போர்ட்ரெய்ட் கமிஷன் எடுத்து வரையுறவங்க நெறைய பேருக்கு இது தெரியாது. அதனால கல்யாணத்துக்கு, அறுவதாம் கல்யாணத்துக்குன்னு வரைஞ்சு குடுக்கும்போது காப்பிரைட் ஓவியர்கிட்டயே இருக்கும்னு ஒரு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கிடுங்க.

நான் அந்த ரெண்டு வரியையும் அடிச்சுட்டு, அடிச்ச எடத்துல சின்ன கையெழுத்து போட்டு, ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புனேன். சரி, குறிச்சுக்கிட்டோம்னு பதிலும் வந்துச்சு. காப்பிரைட்ட மாத்தி எழுதிக்குடுக்கணும்னா எழுத்துல, நம்ம கையெழுத்தோட இருக்கணும்னு 19வது பிரிவு சொல்லுது. எத்தன வருசத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருசம்தான், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். இப்ப நான் தெம்பா நிக்கிதேன்னா அந்த அடிச்ச பிடிஎஃப்பும் அந்த ஒத்த மெயிலும்தான் காரணம். அவங்க கையெழுத்து போட்ட காப்பி மட்டும் கடைசி வரைக்கும் வரவே இல்ல.

ஷோ தள்ளிப் போச்சு. ஹால் கெடைக்கலன்னாங்க, அப்புறம் விர்ச்சுவல் ஷோவா மாத்திட்டோம்னாங்க. அந்த விர்ச்சுவல் ஷோ ஒரு வீடியோ, பாட்டு ஓடும், ஒவ்வொரு படமும் வந்து நிக்கிறதுக்குள்ள போயிரும், என் பேர்ல எழுத்துப் பிழை வேற. கேட்டலாக் புக் வரவே இல்ல. காச திருப்பிக் கேட்டா 'நான்-ரீஃபண்டபிள்', அதாவது திருப்பித் தர மாட்டோம்னு ஒத்த வார்த்தை. இதோட முடிஞ்சிருந்தாகூட நான் இவ்வளவு நீளமா எழுதிருக்க மாட்டேன்.

மும்பைல இருக்க என் சித்தி மக ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கா. செவுத்துல பெருசா ஒரு கேன்வாஸ். போட்டோ எடுத்து அனுப்பி, யக்கா இது நம்ம ஆச்சி மாதிரியே இருக்கு, ஆனா மச்சம் மட்டும் அந்தக் கன்னத்துல இருக்குன்னு கேட்டா. பாத்ததும் கை காலெல்லாம் நடுங்கிருச்சு. எங்க ஆச்சியேதான். படத்த இடவலமா திருப்பிப் போட்டிருக்கான். கூகுள்ல படத்த வச்சு தேடுனா சட்டுனு மாட்டக்கூடாதுன்னு இப்பிடி திருப்புதாங்க, இத எல்லாரும் மனசுல வச்சுக்கிடுங்க.

அந்தப் படம் எப்பிடி செஞ்சதுன்னு சொன்னாத்தான் மிச்சம் புரியும். பத்தமடைல வாங்குன கோரைப்பாய் மேல மெல்லிசு பேப்பர விரிச்சு, கரித்துண்ட படுக்கையா சாச்சு தேச்சா பாயோட நெசவு பேப்பர்ல ஏறிரும். அது மேல இண்டியன் இங்க்ல முகம். சுருக்கத்துக்கெல்லாம் தாமிரவருணி வண்டல கரைச்சு மெலிசா ஒரு பூச்சு. எங்க பாய்ல கீழ் இடது மூலைல கோரை பிஞ்சு நாலஞ்சு நார் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், தேய்க்கும்போது அதுவும் பேப்பர்ல விழுந்துச்சு. இன்ஸ்டால போடும்போது நீள அகலம் ஒத்து வரலைன்னு அந்தக் கீழ்ப்பகுதிய வெட்டிட்டுதான் போட்டேன். அப்போ அந்த நார் இருக்க எடம் உலகத்துல ரெண்டே எடத்துலதான் இருக்கு, எங்க வீட்டு ஒரிஜினல்ல, அப்புறம் நான் அந்தக் கேலரிக்கு அனுப்புன டிஃப் ஃபைல்ல. மும்பை கேன்வாஸ்ல கீழ் வலது மூலைல அந்த நாரு அப்பிடியே நீட்டிக்கிட்டு நிக்கி. இதுக்கு மேல எனக்கு வேற சாட்சி வேணுமா.

இன்னொண்ணும் பாத்தேன். ஒரிஜினல்ல என் கையெழுத்து இருந்த எடத்துல பக்கத்து நெசவ எடுத்து ஒட்டி மறைச்சிருக்கான். பெருசு பண்ணிப் பாத்தா ஒரே முடிச்சு ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா ரெண்டு தடவ வருது. கையால நெய்ஞ்ச பாய்ல அப்பிடி வராது. பாய் நெய்யுத வீட்டுப் பிள்ளைட்ட காமிச்சா ஒரு பார்வைல சொல்லிரும்.

கையெழுத்த அழிச்சதுதான் எனக்கு காசு போனத விட வலிக்குது. நம்ம மண்ணுல படத்துக்குக் கீழ பேருங்கறது சின்ன விசயமா என்ன? கோவில்பட்டில இருந்து கொண்டையராஜு (1898-1976) வரைஞ்ச சாமி படங்க சிவகாசில அச்சாகி வீடு வீடா காலண்டரா தொங்குச்சு. லட்சக்கணக்குல அடிச்ச காலண்டர்லயும் மூலைல அவர் பேரு இருந்துச்சு. அதனாலதான் இன்னைக்கும் அவர் பேர நாம சொல்லுதோம். சட்டமும் இதத்தான் சொல்லுது. காப்பிரைட்ட முழுசா வித்துட்டாகூட, இது நான் வரைஞ்சதுன்னு சொல்லுற உரிமையும், என் பேரு கெடுற மாதிரி படத்த சிதைச்சா தட்டிக்கேக்குற உரிமையும் ஓவியர்கிட்டயே இருக்கும்னு 57வது பிரிவு.

ஆச்சிட்ட சொல்லாம இருக்க முடியல. கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "ஏளா, நீ வரையணும்னு கேட்ட, ஒக்காந்தேன். அவன் எவன்ட்ட கேட்டு என் மூஞ்சிய வித்தான்?"னு கேட்டா. இயற்கைக்காட்சி வரையுறவங்களுக்கும் உருவம் வரையுறவங்களுக்கும் இதுதான் வித்தியாசம். நம்ம ஃபைல்ல இன்னொருத்தவங்க முகம் இருக்கு, உடம்பு இருக்கு. அவங்க நம்ம முகத்துக்காக ஒக்காந்தவங்க, கடைச்செவுத்துக்காக இல்ல.

அந்தக் கடைக்கார அண்ணாச்சி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவரு ஆன்லைன்ல 3,499 ரூவா குடுத்து வாங்குனவரு. விசயத்த சொன்னதும் பில்லையும், கேன்வாஸுக்குப் பின்னாடி ஒட்டிருந்த லேபிளையும் போட்டோ எடுத்து குடுத்துட்டாரு. அத வச்சுத்தான் எந்த சைட்ல விக்கிறாங்கன்னே தெரிஞ்சுது.

இப்ப என்ன செய்யணும்னு சொல்லுதேன். சண்டை போடுறதுக்கு முன்னாடி ஆதாரம். லிங்க் தெரியுற மாதிரி, தேதியோட ஸ்கிரீன்ஷாட், முடிஞ்சா ஸ்கிரீன் ரெக்கார்டிங். நான் முதல்ல கேலரிக்குக் கோவமா மெசேஜ் பண்ணாம இருந்தது நல்லதாப் போச்சு, நோட்டீஸ் போன அன்னைக்கே எல்லா அக்கவுண்ட்லயும் என்னைய பிளாக் பண்ணிட்டு பழைய போஸ்ட்டெல்லாம் அழிச்சிட்டாங்க. விக்கிற சைட்டுக்கு எழுத்துல புகார் குடுங்க, எது நம்ம படம், எந்த லிங்க், நாமதான் வரைஞ்சோம்ங்கறதுக்கு என்ன ஆதாரம்னு. 2013 காப்பிரைட் விதிகள்படி அவங்க 36 மணி நேரத்துக்குள்ள அத மறைக்கணும். ஆனா 21 நாளைக்குள்ள கோர்ட் ஆர்டர் வரலைன்னா திரும்பப் போட்டுக்கிடலாம், அதனால இறக்கிட்டாங்கன்னு நிம்மதியா இருந்துறாதீங்க, அப்பவே வக்கீல பாருங்க. நான் பாதி வரைஞ்ச நிலைல எடுத்த போன் போட்டோ, ஸ்கேன் ஃபைல், ஒரிஜினல் பக்கத்துல நானும் ஆச்சியும் நிக்கிற போட்டோ எல்லாம் வச்சேன், ஒரு சைட் இறக்கிருச்சு. தெரிஞ்சே திருடுனதுக்கு 63வது பிரிவுல ஆறு மாசத்துல இருந்து மூணு வருசம் வரை ஜெயிலும், 50,000ல இருந்து 2 லட்சம் வரை அபராதமும் இருக்கு. ஃபீஸ் பணத்துக்கு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிட்டு பதிஞ்சிருக்கேன், காசு போன ஒடனே கூப்பிட்டாத்தான் பணத்த நிறுத்திவைக்க வழி இருக்கும், அதனால வெரசா கூப்பிடுங்க.

காப்பிரைட் ரிஜிஸ்டர் பண்ணாத்தான் உரிமையான்னு நெறைய பேரு கேக்குதாவ. இல்ல. வரைஞ்ச ஒடனே உரிமை வந்துரும், நாம இருக்க வரைக்கும், அப்புறம் 60 வருசமும் நிக்கும். ஆனா ரிஜிஸ்டர் பண்ணிருந்தா கோர்ட்ல பேசுறதுக்கு கை கொடுக்கும், ஒரு ஓவியத்துக்கு 500 ரூவாதான், ஆன்லைன்லயே போடலாம். நான் பாய் சீரிஸ் முழுசுக்கும் போட்டுக்கிட்டு இருக்கேன். ஏஐக்கு எதிரா கிளேஸ் போட்டு அப்லோட் பண்ணுன்னு சில தம்பிங்க சொன்னாவ. சிகாகோ யுனிவர்சிட்டில 2023ல வெளியிட்ட டூல் அது, நம்ம ஸ்டைல ஏஐ படிச்சு காப்பியடிக்கிறத கஷ்டமாக்கத்தான். அப்பிடியே பிரிண்ட் அடிச்சு விக்கிறவன அது தடுக்காது.

கேட்டலாக்னு யாராவது உண்மையாவே கேட்டா, எந்த அளவுல அச்சாகும்னு கேளுங்க. அரைப்பக்கம்னா ஏ5 அளவுக்கு 1748க்கு 2480 பிக்சல் போதும், அதுக்கு மேல ஒரு பிக்சல் குடுக்காதீங்க. எந்த பிரஸ், எத்தன காப்பின்னும் கேளுங்க. நம்ம பக்கத்துலயே சிவகாசி இருக்கு, பிரஸ் பேரு சொன்னா போன் போட்டு விசாரிக்க ஒரு மணி நேரம் ஆகாது. நல்லபடியா ஷோ நடத்துறவங்க இதுக்கெல்லாம் பதில் சொல்லுவாங்க, நான் கேட்டுப் பாத்திருக்கேன். போடுத படத்துலயும் ஒரு ஓரத்த எப்பவும் வெட்டி உங்ககிட்டயே வச்சுக்கிடுங்க, என் விசயத்துல அந்த ஓரம்தான் பேசிக்கிட்டு இருக்கு.

அப்புறம் சுருக்கமா ரெண்டு. படத்த வாங்குறேன், காசு வர்றதுக்கு யுபிஐ பின் போடுங்கன்னா போடவே போடாதீங்க, காசு வாங்க பின் தேவையே இல்ல. உங்க நிர்வாண ஸ்கெட்ச்சுக்கு காப்பிரைட் ரிப்போர்ட் வந்திருக்கு, அக்கவுண்ட் போயிரும், இந்த லிங்க்ல பாஸ்வேர்டு போடுங்கன்னு வர்றதும் திருட்டு. உருவம் வரையுறவங்க பயப்படுவாங்கன்னு தெரிஞ்சேதான் அனுப்புதாங்க.

ஆச்சி படம் இன்னும் ரெண்டு சைட்ல ஓடிக்கிட்டு இருக்கு. பாம்படம் போட்ட ஆச்சி, பின்னாடி பாய் நெசவு, மச்சம் வலது கன்னத்துல, கீழ் வலது மூலைல நார் நீட்டிருக்கும். எங்கயாவது கடைலயோ, ஹோட்டல்லயோ, யார் வீட்டுலயோ பாத்தீங்கன்னா வாங்குனவங்கட்ட கோவப்படாம பின்பக்க லேபிள மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. இதே மாதிரி யாருக்காவது ஃபைல் அனுப்பிருந்தீங்கன்னா உங்க படத்த இடவலமா திருப்பி வச்சு கூகுள் லென்ஸ்ல ஒரு தடவ தேடிப் பாருங்க. சைட்டுக்கு அனுப்ப வேண்டிய நோட்டீஸ் மாதிரிய வக்கீல் அண்ணாச்சி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதிக் குடுத்திருக்காவ, வேணுங்கறவங்க மெசேஜ் பண்ணுங்க, நான் அனுப்புதேன்.